கைத்துப்பாக்கி, தோட்டாப் பெட்டி, ஓட்டு: அமெரிக்காவில் பயம் செய்யும் வேலை

2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூடவுன் என்ற ஊரின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நுழைந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தார்கள். குழந்தைகளுக்கு வயது ஆறு, ஏழுதான். துப்பாக்கி வாங்குவதற்கும் உரிமம் பெறுவதற்கும் எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 28 லட்சத்தைத் தொட்டன. அதற்கு முன் எந்த மாதத்திலும் எண்ணிக்கை அவ்வளவு ஏறியதில்லை. அடுத்த மாதம் தோட்டாவுக்கே தட்டுப்பாடு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பெட்டிதான் என்று வால்மார்ட் வரம்பு வைத்தது.

தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது இரக்கமில்லாத செயலாகத் தெரியும். ஆனால் கடைக்கு ஓடியவர்களின் கணக்கு வேறு. ஒபாமா இனி சும்மா இருக்க மாட்டார், தடை வரும், அதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. கடைசியில் அந்தச் சட்டம் வரவே இல்லை. பின்னணிச் சோதனையைத் தனியார் விற்பனைக்கும் விரிக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டிலேயே விழுந்தது. வாங்கிய துப்பாக்கிகளோ வீடுகளில் தங்கிவிட்டன.

அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தை உரிமை, சட்டம் என்ற இரண்டு சொற்களை வைத்து மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும் என்று நினைக்கிறேன். எந்தத் துப்பாக்கியை வாங்குவது, எவ்வளவு தோட்டா சேர்ப்பது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற மூன்று முடிவுகளுக்கும் பின்னால் பயம்தான் நிற்கிறது. அதுவும் ஒரே பயம் இல்லை. திருடன் மேல் பயம், அரசாங்கத்தின் மேல் பயம், நாளைக்குக் கிடைக்காமல் போகுமோ என்ற பயம், பக்கத்து வீட்டுக்காரனிடமும் துப்பாக்கி இருக்கிறதே என்ற பயம் எல்லாம் சேர்ந்தது.

முதலில் அளவைப் பார்ப்போம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2017-ல் அமெரிக்கப் பொதுமக்கள் கையில் 39.3 கோடி துப்பாக்கிகள் இருந்தன. மக்கள்தொகையை விட அதிகம். ஆனால் எல்லோரிடமும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2023-ல் கேட்டபோது, சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் 32 சதவீதம் பேர். ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் எடுத்த கணிப்பில், நாட்டின் துப்பாக்கிகளில் பாதி வெறும் 3 சதவீதப் பெரியவர்களிடம் குவிந்திருப்பது தெரிந்தது.

இதைவிட முக்கியமானது, ஏன் வாங்குகிறார்கள் என்ற கேள்விக்கான பதில் மாறியிருப்பது. 1999-ல் ஏ.பி.சி. நியூஸும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் எடுத்த கணிப்பில் 49 சதவீத உரிமையாளர்கள் வேட்டைக்கு என்றார்கள், 26 சதவீதம் பேர்தான் பாதுகாப்புக்கு என்றார்கள். 2023-ல் பியூ கேட்டபோது 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். கேள்வி கேட்ட விதம் இடையில் கொஞ்சம் மாறியிருக்கிறது. இருந்தாலும் போக்கு தெளிவாக இருக்கிறது. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2019 வரை அமெரிக்காவில் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆபத்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், ஆபத்துக்காகத் துப்பாக்கி என்ற எண்ணம் ஏறிக்கொண்டே போனது.

வேட்டைக்குப் போகிறவருக்கு நீளத் துப்பாக்கி வேண்டும். பாதுகாப்புக்கு என்று யோசிப்பவர் கைத்துப்பாக்கியைத்தான் கேட்பார். அதனால் அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாகக் கிடக்கும் கைத்துப்பாக்கிகளே வியாபாரத்தின் நடு இடத்துக்கு வந்துவிட்டன. அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் ரிவால்வரா, மேகசின் என்ற கழற்றும் கூட்டில் தோட்டா அடுக்கும் பிஸ்டலா? ஒன்பது எம்.எம்.-ஆ, நாற்பத்தைந்தா (தோட்டாவின் குறுக்களவு: முன்னது மில்லிமீட்டரில், பின்னது காலிபர் எனப்படும் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில்)? இடுப்பில் மறைத்து எடுத்துப் போகவா, படுக்கை அருகே பெட்டியில் வைக்கவா?

தோட்டா அளவைப் பற்றிய சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1900-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்கப் படை, தன் 38 காலிபர் ரிவால்வர் எதிராளியை நிறுத்தவில்லை என்று புலம்பியது. அதன் விளைவாக ஜான் பிரௌனிங் வடிவமைத்த 45 காலிபர் பிஸ்டல் 1911-ல் ராணுவத்துக்கு வந்தது. ‘பெரிய தோட்டாதான் ஆளை நிறுத்தும்’ என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வேர் பிடித்தது. ராணுவம் 1985-ல் ஒன்பது எம்.எம். பெரெட்டாவுக்கு மாறிய பிறகும், பழைய ஆட்கள் நாற்பத்தைந்தை விடவில்லை.

அப்புறம் வந்தது மயாமி. 1986 ஏப்ரல் 11 அன்று இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கியபோது நடந்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையன் ஒருவன் மீது ஆரம்பத்திலேயே ஒன்பது எம்.எம். தோட்டா பாய்ந்தது. ஆனால் அது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்தை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். கொள்ளையர்களிடம் ரைஃபிள் இருந்தது, அதிகாரிகளில் பலரிடம் ரிவால்வர்தான் இருந்தது. திட்டமிடலிலும் குறைகள் இருந்தன. ஆனால் விசாரணையின் பெரும் பழி அந்த ஒரு தோட்டாவின் மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. முதலில் பத்து எம்.எம்.-க்குப் போனது. சுடும்போது பின்னால் தள்ளும் அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. அதைக் குறுக்கி 1990-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த நாற்பது காலிபர் தோட்டா, சில ஆண்டுகளில் நாடு முழுக்கப் போலீஸ்காரர்களின் இடுப்பில் ஏறியது. போலீஸ் வைத்திருப்பதைப் பார்த்துப் பொதுமக்களும் வாங்கினார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து எஃப்.பி.ஐ. ஒன்பது எம்.எம்.-க்கே திரும்பியது. நுனியில் குழி விட்ட தோட்டாக்கள் இடைப்பட்ட காலத்தில் நன்றாக மேம்பட்டுவிட்டன. உடலைப் போன்ற ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் வரை துளைக்க வேண்டும் என்ற எஃப்.பி.ஐ. அளவுகோலை ஒன்பது எம்.எம். எளிதாகத் தொட்டது. உதைப்பு குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டா, பயிற்சிக்கும் மலிவு. இன்று முதல்முறை வாங்குபவரிடம் கடைக்காரர் பெரும்பாலும் கையில் எடுத்துக் கொடுப்பது நடுத்தர அளவிலான ஒன்பது எம்.எம். பிஸ்டல்தான். கிளாக் 19 அந்த வகையில் பேர் போனது.

கிளாக்கின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த ஆஸ்திரியக்காரர் காஸ்டன் கிளாக். பிளாஸ்டிக் உடற்பகுதியோடு அவர் செய்த 17 தோட்டா பிஸ்டலை ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் தேர்ந்தெடுத்தது. 1980-களின் இறுதியில் அது அமெரிக்கப் போலீஸுக்குள் நுழைந்தது. ஆறு தோட்டா ரிவால்வர்கள் சீக்கிரமே பழையதாகிப் போயின. பிறகு 1994-ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், தாக்குதல் ஆயுதங்கள் என்று வகைப்படுத்திய துப்பாக்கிகளைத் தடை செய்ததோடு, புதிதாகச் செய்யும் மேகசின்களில் 10 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. இரண்டு விளைவுகள் உண்டாயின. சட்டத்துக்கு முன் செய்யப்பட்ட பெரிய மேகசின்களுக்குத் தடை இல்லை என்பதால் அவற்றின் விலை எகிறியது. இன்னொன்று, பத்துதான் வைக்க முடியும் என்றால் துப்பாக்கி ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் யோசித்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கிளாக் 26 அந்தச் சமயத்தில்தான் வந்தது. குறைப்பதற்காக வந்த சட்டம், எளிதில் மறைத்து எடுத்துப் போகக்கூடிய ஒரு புது வகைத் துப்பாக்கிக்கு வழி திறந்துவிட்டது.

மறைத்து எடுத்துப் போக அனுமதியும் அதே காலத்தில் பரவிக்கொண்டிருந்தது. புளோரிடா 1987-ல், தகுதி இருந்தால் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற முறைக்கு மாறியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2024-ல் 29 மாநிலங்கள் உரிமமே வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. 2018-ல் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. சட்டைக்கு அடியில் தெரியாத அளவு, ஆனால் மேகசினில் பத்துத் தோட்டா. மற்ற எல்லா நிறுவனங்களும் அதே வழியில் ஓடின.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். ‘பெண்களுக்குச் சின்னத் துப்பாக்கிதான் சரி’ என்ற அறிவுரை கடைகளில் இன்னும் புழங்குகிறது. உண்மை நேர்மாறு. துப்பாக்கி சிறுத்து எடை குறையக் குறைய உதைப்பு கூடும், குறி வைப்பது கடினமாகும். பிடிப்பதற்கு எளிதாகத் தோன்றும் குட்டி பிஸ்டல், சுடத் தெரியாத ஒருவர் கையில் மிக மோசமான தேர்வு. பயந்து அவசரமாக வாங்குபவருக்கு இதையெல்லாம் விசாரிக்கப் பொறுமை இருப்பதில்லை.

சரி, தோட்டாவுக்கு வருவோம். அமெரிக்காவில் ஒருவர் வீட்டில் ஆயிரம் தோட்டா இருந்தது என்று செய்தியில் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். இந்தியாவில் உரிமம் இருந்தாலும் எத்தனை தோட்டா என்பது உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவில் பயிற்சித் தோட்டா ஐம்பது கொண்ட பெட்டியாக வரும். இருபது பெட்டி சேர்ந்த ஆயிரத்தை மொத்தமாக வாங்கினால் மலிவு. ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் ஒரு தடவை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போனால் நூறு, இருநூறு சுட்டுவிட்டு வருவார். அதனால் ஆயிரம் என்ற எண்ணை வைத்து மட்டும் ஒருவரைச் சந்தேகிக்க முடியாது. அந்தச் சாதாரணம்தான் கொலை செய்யத் திட்டமிடுபவனையும் மறைத்துவிடுகிறது. 2012-ல் கொலராடோவின் அரோரா நகரத் திரையரங்கில் 12 பேரைக் கொன்றவன் அதற்கு முன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களை இணையத்தில் வாங்கியிருந்தான். எந்த மணியும் அடிக்கவில்லை.

அடிக்காததற்குச் சட்டம் காரணம். கென்னடி, மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளுக்குப் பிறகு வந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம், தபாலில் தோட்டா அனுப்புவதைத் தடுத்தது. விற்பனையைப் பதிவேட்டில் எழுதவும் சொன்னது. 1986-ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் பெருமளவு நீக்கியது. இன்று மத்திய சட்டப்படி தோட்டா வாங்கப் பின்னணிச் சோதனை இல்லை, தோட்டா விற்க உரிமமும் வேண்டாம். கைத்துப்பாக்கித் தோட்டாவை உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது என்பது போன்ற சில வரம்புகள்தான் உண்டு. கலிபோர்னியா 2019 முதலும், நியூயார்க் 2023 முதலும் தோட்டாவுக்கும் சோதனை வைத்தன. இரண்டையும் எதிர்த்து வழக்குகள் போயின.

அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பதுகூட வம்பில் முடியலாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

தோட்டா ஏன் திடீர் திடீரென்று மறைகிறது? உற்பத்தி குறுகிய இடத்தில் குவிந்திருக்கிறது என்பது முதல் காரணம். மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் வின்செஸ்டர், ஆர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமர் என்ற சிறு கிண்ணத்தைப் பெரிய அளவில் செய்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. ஒரே ஆண்டில் புதிதாக ஆலை எழுப்ப முடியாது. அப்படியே முடிந்தாலும், அவசரம் அடங்கியதும் சரக்கு தேங்கிவிடும் என்று முதலாளிகளுக்குத் தெரியும்.

2020 இதை நன்றாகக் காட்டியது. மார்ச்சில் கொரோனா, மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும், நவம்பரில் தேர்தல். 2019-ல் 2.84 கோடியாக இருந்த பின்னணிச் சோதனைகள் 2020-ல் 3.97 கோடியாயின. அந்த நேரம் பார்த்து ரெமிங்டன் திவாலாகிக் கிடந்தது. தொற்றுக்கு முன் 20 சென்ட் அளவில் விற்ற ஒன்பது எம்.எம். தோட்டா, 2021 தொடக்கத்தில் பல இடங்களில் ஒரு டாலரை நெருங்கியது. அதே ஆண்டு ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி விவகாரத்துக்காக ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கும் தடை வந்தது. மலிவான இரும்பு உறைத் தோட்டாவை நம்பியிருந்தவர்கள் இன்னும் திண்டாடினார்கள்.

இந்த அனுபவம் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: கிடைக்கும்போது சேர்த்து வை. தனி ஆளாகப் பார்த்தால் அது நியாயமான யோசனை. தோட்டாவை ஈரம் படாமல், அதிக வெப்பமில்லாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் அப்படி யோசித்தால், வராத தட்டுப்பாடும் வந்துவிடும். மழை வெள்ளம் என்றவுடன் எல்லோரும் பால் பாக்கெட்டை அள்ளிக்கொண்டு போவதால் கடை காலியாவது போலத்தான்.

வதந்தி இதில் எண்ணெய் ஊற்றும். 2013-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டாக்கள் வரை வாங்கப் போகிறது என்ற செய்தி பரவியது. மக்களுக்குக் கிடைக்காமல் செய்ய அரசாங்கமே சுருட்டுகிறது என்று பேச்சு கிளம்பியது. உண்மையில் அது ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்பட்டால் வாங்கலாம் என்ற ஒப்பந்த உச்சவரம்பு. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2014-ல் கணக்குப் பார்த்தது. 2008 முதல் 2013 வரை அந்தத் துறை ஆண்டுக்குச் சராசரியாக 10.9 கோடி தோட்டாக்கள்தான் வாங்கியிருந்தது, 2009-க்குப் பிறகு அளவு குறைந்தும் வந்திருந்தது. அறிக்கை வருவதற்குள் அலமாரிகள் காலி.

அரசாங்கத்தின் மேல் உள்ள இந்தச் சந்தேகத்தை வெறும் பிரமை என்று தள்ளிவிடுவது எளிது. அது சரியாகாது. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில், சட்டப்படி வைத்திருந்தவர்களின் துப்பாக்கிகளையும் போலீஸ் பிடுங்கியது. அந்தக் காட்சிகளைத் துப்பாக்கி உரிமையாளர்கள் இன்றும் மறக்கவில்லை. மறு ஆண்டே பேரிடர் காலத்தில் அப்படிப் பறிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பட்டியல் எடுத்தால் அடுத்தது பறிமுதல் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. 1986 சட்டம் மத்திய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைப்பதையே தடுக்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று கண்டுபிடிக்க, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் மத்திய அலுவலகம் உற்பத்தியாளரில் தொடங்கி மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகிறது. மூடிப்போன கடைகளின் பதிவேடுகள் படங்களாக அங்கே குவிந்திருக்கின்றன. பெயர் போட்டுத் தேட வசதி இல்லை. அப்படி ஒரு வசதி வைக்கச் சட்டம் விடாது.

இந்த அரசியல் எப்போதும் இப்படி இருந்ததில்லை. துப்பாக்கி உரிமையாளர்களின் பெரிய அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் 1871-ல், உள்நாட்டுப் போரில் வட தரப்பு வீரர்கள் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் இருந்ததைப் பார்த்த அதிகாரிகள் தொடங்கியது. 1934-ல் இயந்திரத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கண்டபடி எல்லோரும் துப்பாக்கி சுமந்து திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றே அதன் தலைவர் கார்ல் ஃபிரெடெரிக் சாட்சி சொன்னார். அந்த மசோதாவின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பால் அவை நீக்கப்பட்டன. 1977-ல் சின்சினாட்டி மாநாட்டில் கடும் போக்காளர்கள் சங்கத்தைக் கைப்பற்றிய பிறகுதான் எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்ற இன்றைய குரல் வந்தது.

பொதுமக்களும் மாறினார்கள். போலீஸ் போன்றோர் தவிர யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதை 1959-ல் காலப் (Gallup) நிறுவனத்தின் கணிப்பில் 60 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 30-க்கும் கீழே. 1970-களில் தொடங்கிய கட்டுப்பாட்டு இயக்கம் தன் பெயரிலேயே கைத்துப்பாக்கியை வைத்திருந்தது. பிறகு அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது. இப்போது விவாதம் முழுக்க ராணுவ பாணி ரைஃபிள்களைச் சுற்றித்தான். 2020-ல் துப்பாக்கிக் கொலைகளில் ஆயுத விவரம் பதிவானவற்றை எஃப்.பி.ஐ. தொகுத்தது. கைத்துப்பாக்கி 59 சதவீதம், ரைஃபிள் 3 சதவீதம். மீதியில் பெரும்பகுதிக்கு வகை குறிக்கப்படவில்லை. பள்ளிப் படுகொலைகளின் கொடூரம் கண்ணை ரைஃபிளின் பக்கம் இழுப்பது இயல்புதான். ஆனால் தினம் தினம் ஆட்களைக் கொல்வது யாரும் பேசாத அந்தச் சின்னத் துப்பாக்கி.

நீதிமன்றம் அதற்கு அரணும் கட்டிவிட்டது. வாஷிங்டன் நகரில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. டிக் ஹெல்லர் என்ற காவலர் வேலை நேரத்தில் அரசுக் கட்டடத்தைத் துப்பாக்கியோடு காத்தார், வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பில் 1791-ல் சேர்ந்த, ஆயுதம் வைத்திருப்பது பற்றிய இரண்டாவது திருத்தம் தனிமனிதரின் உரிமை, அமெரிக்கர்கள் தற்காப்புக்குத் தேர்ந்தெடுக்கும் ஆயுதம் கைத்துப்பாக்கிதான், அதைத் தடுக்க முடியாது என்றது. 2022-ல் புரூயன் வழக்கில், வெளியே எடுத்துப் போகத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுக்கும் பழைய விதியும் விழுந்தது.

அந்த வழக்கில் நியூயார்க் சட்டத்தை எதிர்த்தவர்களில் ஏழைகளுக்காக இலவசமாக வாதாடும் பிராங்க்ஸ் பகுதி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் இடதுசாரிச் சாய்வு கொண்டவர்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று வழக்கில் சிக்கிய தங்கள் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள்தான் என்பது அவர்கள் வாதம். இது புதுக் கதை இல்லை. அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் விடுதலை கேட்ட வழக்கில், 1857-ல் தலைமை நீதிபதி டானி, கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஏற்றால் அவர்கள் ஆயுதம் வைத்திருக்கவும் உரிமை வந்துவிடும் என்பதை ஒரு ஆபத்தாகவே குறிப்பிட்டார். 1956-ல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்தார்கள். 1967-ல் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இயக்கத்தினர் துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்த பிறகு, பொது இடத்தில் துப்பாக்கி ஏந்துவதைத் தடுத்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016-ல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் போலீஸிடம் மரியாதையாகச் சொன்ன பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் முறையான உரிமம் இருந்தது. உரிமை என்று முழங்கும் சங்கம் அவருக்காகக் குரல் எழுப்பத் தயங்கியது. உரிமை எல்லோருக்கும் ஒன்று என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பயங்களோடு வாங்குபவர்களின் முகமும் மாறிவருகிறது. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை ஏறக்குறைய 75 லட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர்கள் ஆனார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. அவர்களில் பாதிப்பேர் பெண்கள், ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். ஒருவருடைய துப்பாக்கி இன்னொருவரின் பயத்துக்குக் காரணமாகி, அவரையும் கடைக்கு அனுப்புகிறது. அரசியலிலும் இதே சுழற்சிதான். துப்பாக்கித் தொழில் கொழித்தது ஒபாமா காலத்தில். டிரம்ப் 2016-ல் ஜெயித்ததும் தடை வரும் என்ற பயம் போனது, விற்பனை படுத்தது. 2018 மார்ச்சில் ரெமிங்டன் முதல்முறை திவாலானது. தங்கள் ஆதரவாளர் ஆட்சியில் வியாபாரம் நொடிப்பதும் எதிர்ப்பாளர் ஆட்சியில் செழிப்பதும், விற்கப்படுவது இரும்பு மட்டும் இல்லை என்பதைக் காட்டுகின்றன.

வாங்குபவர் யாரைப் பார்த்துப் பயந்தாலும், புள்ளிவிவரம் வேறு திசையைக் காட்டுகிறது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள், பாதிக்கும் மேல். கலிபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. துப்பாக்கித் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களுக்கு வைத்திராத ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. இருண்ட மனநிலை பலருக்கும் சில மணி நேரத்தில் கடந்துபோகும். கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை. திருடனுக்காக வாங்கிய ஆயுதம் அதே வீட்டின் மகனையோ தாயையோ எடுத்துக்கொள்வதை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இதற்கு ஒரு வழியைத் துப்பாக்கிக் கடைக்காரர்களே கண்டார்கள். 2009-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் உடைந்துபோனார். அந்த மாநிலத்துக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதார ஆட்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். தடுமாறும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, சந்தேகம் வந்தால் விற்காமல் இருப்பது எப்படி, நண்பர் மனம் உடைந்திருந்தால் அவருடைய துப்பாக்கியைக் கொஞ்ச நாள் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் சுவரொட்டிகளை அச்சடித்தார்கள். 2012-ல் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் கடைகளில் அவை இருந்தன. மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. கொலராடோவில் 2019-ல், துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைத்து வைக்கக்கூடிய கடைகள், போலீஸ் நிலையங்களின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அரசாங்கம் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்பவர், பல ஆண்டுகளாகத் தெரிந்த கடைக்காரர் கேட்டால் கொடுக்க வாய்ப்பிருக்கிறது என்பதுதான் அவர்கள் நம்பிக்கை.